ஆள்காட்டி விரலுக்கு விடுப்பு

என் மாப்பிள்ளைக்கு அவர் வேலை பார்க்கும் இடத்தில் 'ஒரே குத்து' என்று பெயர். கேட்டால் ஏதோ அடிதடி ஆள் என்று நினைப்பீர்கள். எறும்பு குறுக்கே போனால் நின்று வழிவிடுகிற ஜென்மம் அவர். ரத்தப் பரிசோதனை லேபில் காலை முழுவதும் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதுதான் வேலை. குண்டுக் கை, குழந்தைக் கை, காய்ச்சலில் வற்றிப்போன கை, எதுவாக இருந்தாலும் இரண்டாம் தரம் குத்தமாட்டார். அதனால் வந்த பெயர்.

அவர் நரம்பு தேடுகிற அழகைப் பார்க்க வேண்டும். புஜத்தில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டுக் கையைப் பார்க்கவே மாட்டார், கூரையைப் பார்ப்பார். மெல்லிய கையுறைக்குள் இருக்கும் இடது கை ஆள்காட்டி விரல் மட்டும் முழங்கை மடிப்பில் மெதுவாக நடக்கும். எங்கோ ஓரிடத்தில் நிற்கும். "இதோ, இங்க படுத்திருக்கார்" என்பார். நரம்புக்குக்கூட 'ர்' போட்டுத்தான் பேசுவார். அப்புறம் ஊசி போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

நான் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். இதயத்தில் ஒரு வால்வை மாற்றியிருக்கிறார்கள். அதற்காக ரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறேன். இளகியது போதுமா, கூடிவிட்டதா என்று மாதத்துக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். எடுப்பது லேசான காரியமா? நான் வண்டியில் ஏறினால் டிக்கெட் எடுக்காதவர்கள் பின்வாசல் வழியாக நழுவுவார்களே, அதே மாதிரி ஊசியைக் கண்டால் என் நரம்புகள் நழுவிவிடும். ஒரு காலத்தில் ஒவ்வொரு மாதமும் இரண்டு கையும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கித்தான் வீட்டுக்கு வருவேன்.

அப்படி ஒரு மாதம் புதிதாக இந்த லேபுக்குப் போனேன். ஒல்லியாக ஒரு பையன் கூரையைப் பார்த்துக்கொண்டே ஒரே குத்தில் எடுத்தான். வலி இல்லை, வீக்கம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம், அப்போது அவர் உயிரோடு இருந்தார், "நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைச்சாச்சு" என்று சொல்லிவிட்டேன். படிப்பைப் பார்த்துக் கொடுப்பார்கள், வேலையைப் பார்த்துக் கொடுப்பார்கள். விரலைப் பார்த்துப் பெண் கொடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். எனக்குத் துணையாக லேபுக்கு வந்த முதல் நாளிலிருந்தே என் மகள் அவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. பழத்தை நழுவவிட்டதே அவள்தான்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு நான் இவர்களோடு வந்துவிட்டேன். மகளுக்கு அலுவலகம், சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். மாப்பிள்ளை விடியும் முன்பே லேபுக்குப் போய்விட்டு மதியம் வந்துவிடுவார். ஆக, மதியத்திலிருந்து வீட்டில் நாங்கள் இருவர்தான். மாமியாரும் மருமகனும் தனியாக இருந்தால் எவ்வளவு பேச முடியும்? சாப்பாடு எப்படி, வெயில் எப்படி, முடிந்தது. நான் என் அறையில் படுத்துவிடுவேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். மதியத் தூக்கம் எனக்கு மருந்து மாதிரி. வேலையில் இருந்த காலமெல்லாம் நின்றபடியே போன மதியங்களுக்கு இப்போது படுத்து வட்டி வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தூக்கத்துக்கு எமன் கிட்டார் ரூபத்தில் வந்தான். லேபில் எக்ஸ்ரே எடுப்பவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது, அங்கே வீடு சின்னது, கொஞ்ச நாள் வைத்திரு என்று மாப்பிள்ளையிடம் தன் கிட்டாரைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீடு என்னவோ மாளிகை மாதிரி. முதல் வாரம் அது மூலையில் சாய்ந்து நின்றது. இரண்டாம் வாரம் மாப்பிள்ளை அதைத் துடைத்தார். மூன்றாம் வாரம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, போனில் ஒரு தொப்பிக்கார வாத்தியாரைப் போட்டுவிட்டார்.

கற்றுக்கொள்கிறவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு சின்னப் பாட்டில் தொடங்குவார்கள். இவர் அதெல்லாம் இல்லை. தொப்பிக்காரரின் பாடங்களைத் தடவிக்கொண்டே போனதில் ஓரிடத்தில் ஏதோ ஒரு சத்தம் மனதைப் பிடித்துவிட்டதாம், அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்று நானும் காதில் விழுகிற மாதிரியே சொல்லிப் பார்த்தேன். காது முழுக்க வேறு சத்தம் இருக்கும்போது பழமொழிக்கு எங்கே இடம்?

ஒருநாள் சாப்பிடும்போது, அது என்னதான் வாசிக்கிறீர்கள், பாட்டா என்று கேட்டுவிட்டேன். மனிதர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கையில் இருந்த சோற்றை வைத்துவிட்டு விளக்கத் தொடங்கினார். சுரங்களை ஒன்று, மூன்று, ஐந்து என்று எண்ணி, மூன்றையும் சேர்த்து ஒரே நேரத்தில் அடித்தால் அது கார்ட். அதற்கு மேல் ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று ஏற்றிக்கொண்டே போனால் அது நீட்டிய கார்ட். எல்லாவற்றையும் சேர்த்து அடிக்காமல் ஒவ்வொன்றாகக் கீழிருந்து மேலே வாசித்துக்கொண்டு போனால் அதற்கு ஆர்பெஜியோ என்று பெயர்.

"ஒரு குடும்பம் மாதிரி அத்தை," என்றார். "ஒண்ணு, மூணு, அஞ்சு, இது வீட்டு ஆளுங்க. ஒன்பது, பதினொண்ணு, பதிமூணு எல்லாம் வந்து போற சொந்தக்காரங்க. கம்பி ஆறுதான். ஏழு பேரும் ஒண்ணா வந்தா இடம் பத்தாது. ஒவ்வொருத்தரா வந்தா எல்லாருக்கும் இடம் இருக்கு."

"நடுவுல ஏழை விட்டுட்டீங்களே. அது யாரு?"

அவர் தண்ணீரைக் குடித்தார். ஏழு கொஞ்சம் உறுத்துகிற சுரம் என்றார். பெரியவர்கள் மாதிரி என்றார். அப்புறம் இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். எத்தனை வண்டியில் எத்தனை முழிகளைப் பார்த்திருக்கிறேன்! டிக்கெட் எடுக்காதவன் முழி எனக்குத் தெரியாதா? ஏழு யார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. எழுந்து கை கழுவினேன்.

இவர் வாசிப்பில் இருந்த கொடுமை என்னவென்றால், ஏறுவார், முடிக்கமாட்டார். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என்று அழகாக ஏறுவார். பதின்மூன்றுக்குப் போகும் முன் ஆள்காட்டி விரல் ஓரிடத்தில் படுத்து இரண்டு கம்பியைச் சேர்த்து அமுக்க வேண்டுமாம். அது படுக்காது. 'டொக்' என்று செத்த சத்தம் ஒன்று கேட்கும். மறுபடி கீழிருந்து. மறுபடி டொக். கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கிற எனக்கு, வரப்போகிற தும்மல் வராமலே போனால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். தொப்பிக்காரர் போனில் முழுதாக வாசித்துக் காட்டுவதைக் கேட்டுக் கேட்டு அந்தக் கடைசிச் சத்தம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் அதை நானே போட்டுக்கொண்டு தூங்கப் பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மா, நீ பாடுறே" என்றாள். நான் எதற்குப் பாடுகிறேன், மூச்சு விட்டேன் என்றேன். அவள் சிரித்த சிரிப்பு நன்றாக இல்லை.

இப்படியே மாதங்கள் போனதில் அவருடைய இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போயின. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. மேஜையில் தட்டிக் காட்டுவார், கல்லைத் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். சுடுகிற டம்ளரை நுனி விரலால் தூக்கிக்கொண்டு போவார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அடுப்பிலிருந்து மூடியை எடுக்க வேண்டுமா, "மாப்பிள்ளை, ஒரு கை வாங்க" என்று கூப்பிடுவேன். வந்து பூ எடுக்கிற மாதிரி எடுத்துவைப்பார். கரித்துணி தேடுகிற வேலை எனக்கு மிச்சம். அந்தக் காய்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

அந்த மாதப் பரிசோதனைக்குப் போனேன். எனக்கு லேபுக்குப் போவது என்றால் ஒரு கெத்து. காத்திருக்கிற நாற்காலிகளில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகத் தொடங்குவேன், உள்ளே ஊசி போடுகிறவர் யார் தெரியுமா என்று. அன்று பக்கத்தில் டை கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, முகம் வெளிறி, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை, மாதா மாதம் வர வேண்டுமாம். புதிதாக இந்த லேபுக்கு வந்திருக்கிறாராம். ஊசி என்றால் பயம் என்று அவரே ஒப்புக்கொண்டார். விடுவேனா? அவருக்கு மட்டுமில்லை, அந்த வரிசைக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். என் நரம்பு எப்படிப்பட்டது, எத்தனை பேர் தோற்றார்கள், என் மாப்பிள்ளை எப்படிக் கூரையைப் பார்த்தபடி எடுப்பார், எல்லாம். கதவு திறந்துதான் இருந்தது, வேண்டுமானால் எட்டிப் பாருங்கள் என்றும் சொல்லிவைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

உள்ளே போய்க் கையை நீட்டினேன். மாப்பிள்ளை பட்டையைக் கட்டினார். கூரையைப் பார்த்தார். விரல் நடந்தது. நடந்துகொண்டே இருந்தது. திரும்பி வந்தது. மறுபடி போனது. அப்புறம் அவர் தலையைக் குனிந்து என் கையைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கையைப் பார்த்து நரம்பு தேடி நான் கண்டதில்லை.

குத்தினார். வரவில்லை. ஊசியைக் கொஞ்சம் திருப்பினார். வரவில்லை. மறு கையை வாங்கினார். அதிலும் குத்தினார். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கதவருகே டை கட்டியவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப வலிக்கிறதா என்று அங்கிருந்தே கேட்டார். உயிர் போகிற வலி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "வலிக்கவே இல்ல" என்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் தாடை வரை வந்துவிட்டது.

கடைசியில் அங்கே பொறுப்பாளராக இருக்கிற அம்மா வந்து, புறங்கையில் குத்தி ஒரு வழியாக எடுத்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். பொறுப்பாளர் அதைக் கேட்டு, சறுக்குவது இன்றைக்கு மட்டுமில்லை, ஒரு மாதமாகவே இப்படித்தான் என்றார். இரண்டு குத்து, மூன்று குத்து என்று ஆகி, நேற்று ஒரு குழந்தையின் அப்பா சண்டைக்கே வந்துவிட்டாராம். மாப்பிள்ளையின் கையை வாங்கிப் பார்த்தார். கையுறையைக் கழற்றச் சொல்லி விரல் நுனியை அமுக்கினார். "கையுறைக்குள்ள இன்னொரு கையுறை போட்டிருக்கீங்க" என்றார். சத்தம் போடவில்லை. அடுத்த மாதம் மாமியார் வரும்போது அவர் கையிலேயே ஒரே குத்தில் எடுத்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் ஊசி வேலை வேண்டாம், பின் அறையில் குழாய்களுக்கு லேபிள் ஒட்டுங்கள் என்று மட்டும் சொன்னார். அதுவரைக்கும் லேபிள்தான்.

ஊரில் எத்தனை கை இருக்கிறது! தேர்வுக்கு என் கைதான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை கிட்டாரைப் பழைய போர்வையில் சுற்றி அலமாரிக்கு மேலே படுக்கவைத்துவிட்டார். ஒரு கிண்ணத்தில் வெந்நீர் எடுத்து விரல்களை ஊறப்போட்டார். குதிகால் தேய்க்கிற கல்லால் தேய்த்தார், எண்ணெய் தடவினார். என் கைகள் இரண்டும் பழையபடி கத்தரிக்காய். அவர் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு என்ன குறை? தூக்கத்தைக் கெடுத்த சனியன் அலமாரி மேலே ஏறிவிட்டது. அடுத்த நாள் மதியம் நிம்மதியாகப் படுத்தேன். வீடு அமைதியாக இருந்தது. புரண்டேன். குழாயில் சொட்டுகிற தண்ணீர் கேட்டது. மறுபக்கம் புரண்டேன். கூடத்தில் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது, அந்த நினைப்பே தூங்கவிடவில்லை. என்னை அறியாமல் ஒன்று, மூன்று, ஐந்து என்று முனகத் தொடங்கிப் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டேன். நான்கு நாள் இப்படியே போயிற்று.

ஐந்தாம் நாள் மகளைச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் கேட்டேன். மாப்பிள்ளை முறுக்கெல்லாம் அவருக்குக் கிடையாதே, ஏன் இப்படி இருக்கிறார் என்று. அவள் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே, வேலை போய்விடும் என்கிற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது மட்டுமில்லை என்றாள். அவர் அவளிடம் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"காலையிலேர்ந்து நான் தொடுற ஆளுங்க எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கிறாங்க. கிட்டார் ஒண்ணுதான் தொட்டா திரும்பிப் பேசுது."

வலிக்காமல் குத்துகிறார் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேனே, அவர் கை என் மேல் படும்போது ஒரு தடவையாவது நான் அவர் முகத்தைப் பார்த்தேனா? நானும் சுவரில் இருக்கிற நாட்காட்டியைத்தான் பார்ப்பேன். பாவம், நாங்கள் எல்லோரும் பார்க்காததால்தான் அவர் கூரையைப் பார்க்கப் பழகிக்கொண்டாரோ என்னவோ.

மறுநாள் மதியம் நான் படுக்கவில்லை. நேரே கூடத்துக்குப் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பதறி எழுந்தார். உட்காருங்கள், இடது கையைக் காட்டுங்கள் என்றேன். நரம்பு தேடுவது எந்த விரல் என்று கேட்டேன். ஆள்காட்டி விரலைத் தூக்கினார்.

"மத்த மூணும்?"

"அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது அத்தை. சும்மா கூட வரும்."

"அப்ப வேலை தெரிஞ்சவனுக்கு விடுப்பு கொடுத்துட்டு, சும்மா இருக்கிற மூணு பேரை வேலை வாங்குங்க."

அது முடியவே முடியாது என்றார். கிட்டார் கழுத்தில் நான்கு விரலுக்கும் ஆளுக்கு ஒரு கட்டம், தொப்பிக்காரர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்றார். தொப்பிக்காரருக்கு லேபில் வேலையா என்று கேட்டேன். ஸ்டூலைப் போட்டு நானே அலமாரி மேலிருந்து கிட்டாரை இறக்கினேன். வால்வு மாற்றியவள் ஸ்டூலில் ஏறுவதைப் பார்த்து அவர் ஓடிவந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஆள்காட்டி விரலில் பஞ்சு வைத்துத் துணியைச் சுற்றிக் கட்டினேன். காயத்துக்கு மருந்து தொட்டுவைக்கிற பஞ்சுக் குச்சி மாதிரி அது தனியாக நீட்டிக்கொண்டு நின்றது.

அன்றிலிருந்து மதியமெல்லாம் எனக்கு டியூட்டி. அவர் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றையும் வைத்து முதலிலிருந்து தடவித் தடவி வழி தேடுவார். கட்டுப்போட்ட விரல் பழக்க தோஷத்தில் மெதுவாகக் கம்பி பக்கம் இறங்கும். "டிக்கெட்?" என்பேன். சடக்கென்று மேலே போய்விடும். சிரித்துவிடுவார். நானும் சிரித்துவிடுவேன். மாமியாரும் மருமகனும் இப்படிச் சிரிப்பதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரி ஒருநாள் வந்து கதவைத் தட்டி, எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் அவர் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது நேரடியாகவே கேட்டேன். "அந்த ஏழு நான்தானே?"

இந்தத் தடவை பக்கத்தில் தண்ணீர் இல்லை. கிட்டாரைப் பார்த்துக்கொண்டே, "ஆமா அத்தை" என்றார். அப்புறம் அவசரமாக, "ஆனா ஏழு இல்லாம மேல ஏற முடியாது. ஒன்பது, பதினொண்ணு, பதிமூணு எல்லாமே ஏழு மேலதான் நிக்கும்" என்றார். பொய் சொல்லத் தெரியாத முகம் அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காட்டிக்கொள்ளாமல், சரி, வாசியுங்கள் என்றேன்.

ஆள்காட்டி விரல் இல்லாததால் பழைய வழி அவருக்கு அடைத்துப்போயிருந்தது. இரண்டு கம்பியைச் சேர்த்து அமுக்கப் படுக்க ஆள் இல்லை. அதனால் பதினொன்றில் ஒரு கம்பியிலேயே நடுவிரலைச் சறுக்கிக்கொண்டு மேலே போய்ப் பார்த்தார். ஒரு நாள் தாண்டிப் போயிற்று, ஒரு நாள் முன்பே நின்றது. பிறகு ஒரு மதியம், நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஏறினார். எனக்குப் பழக்கம், 'டொக்' வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். நடுவிரல் சறுக்கியது. சுண்டு விரல் விழுந்தது. பதின்மூன்று வந்துவிட்டது. வந்து, கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

இத்தனை மாதம் வராத தும்மல் வந்த மாதிரி எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. "இன்னொரு தரம்" என்றேன். சாயங்காலம் மகள் வந்து பார்க்கும்போது கீரை பாதி ஆய்ந்தபடி கிடந்தது, சமையலும் ஆகவில்லை. அவள் கேட்டதற்கு, சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், நேரம் போனதே தெரியவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார்.

துணிக்குள் அந்த விரல் மெல்ல மெல்லத் தோல் உரிந்து, குழந்தை விரல் மாதிரி இளஞ்சிவப்பாக வந்துகொண்டிருந்தது. குளிக்கும்போது மட்டும் கட்டை அவிழ்ப்பார். ஆனால் அதற்குப் பழைய பார்வை வந்துவிட்டதா என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் என் கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். தொட்டுப் பார்த்து இல்லை என்று தெரிந்துவிட்டால் மீதி நாட்களை எப்படி ஓட்டுவது என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

தேர்வு நாள் வந்தது. லேபில் அதே நாற்காலிகள். அன்று நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. டை கட்டியவர் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். எனக்கு அடுத்த எண் அவருடையதுதான். பொறுப்பாளர் அம்மா உள்ளே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை பட்டையை ஒரு தரம் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினார்.

நான் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கூரையைப் பார்க்கத் தலையைத் தூக்கியவர், நான் பார்ப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். விரல் நடக்கத் தொடங்கியது. பயத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஒன்று, மூன்று, ஐந்து என்று மெல்ல முனகினேன். ஏழு, ஒன்பது. விரல் திரும்பியது. பதினொன்று. அதற்கு மேல் மூச்சு வரவில்லை, நின்றுவிட்டேன். விரலும் நின்றது. அந்தக் கடைசிச் சத்தத்தை அவரே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, முனகினார்.

"இதோ, இங்க படுத்திருக்கார்."

குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துத்தான் ஊசி போயிருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது. பொறுப்பாளர் கட்டியிருந்த கையை அவிழ்த்து, மாப்பிள்ளை ஒட்டிக்கொண்டிருந்த லேபிள் கட்டைத் தானே எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போனார். மாப்பிள்ளை பஞ்சை வைத்து அமுக்கினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பதிலுக்குச் சிரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் பொலபொலவென்று கண்ணீர் கொட்டத் தொடங்கிவிட்டது. முந்தானையால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

அப்படியே பஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். டை கட்டியவர் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் பயத்தைப் போக்க வேண்டுமே என்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சத்தியமான உண்மையைச் சொன்னேன்.

"வலிக்கவே இல்ல."

போன மாதமும் இதே கண்ணீர், இதே வார்த்தை. அவர் மடித்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தார். உள்ளே மாப்பிள்ளை அவருடைய எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.